சாய்த்தால் இட்டாலிக் ஆகிவிடாது

வேர்டில் 'கண்ணாடி' என்று தட்டி, தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையோடு 'ஐ' விசையைச் சேர்த்து (கன்ட்ரோல்–ஐ) அழுத்திப் பாருங்கள். எழுத்து வலப்பக்கம் சாயும். லதா, விஜயா, நிர்மலா யூஐ என்று விண்டோஸில் கிடைக்கும் எந்தத் தமிழ் எழுத்துருவாக இருந்தாலும் சாயும். பிறகு ஃபான்ட்ஸ் கோப்புறையைத் திறந்து லதாவைத் தேடுங்கள். ரெகுலர், போல்டு என்று இரண்டே வடிவங்கள் இருக்கும், இட்டாலிக் கிடையாது. அப்படியானால் திரையில் சாய்ந்து நிற்பது யாரும் வரையாத எழுத்து. நேரெழுத்தின் அடிக்கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேலே இருப்பதை வலப்பக்கமும் கீழே தொங்குவதை இடப்பக்கமும் தள்ளி, மென்பொருளே செய்துகொண்ட உருவம் அது.

இதே சோதனையை டைம்ஸ் நியூ ரோமனில் ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'யை வைத்துச் செய்யுங்கள். நேரெழுத்தில் அதற்கு இரண்டு மாடி: கீழே ஒரு வயிறு, மேலே கவிந்த ஒரு கொக்கி. இட்டாலிக்கில் கொக்கியே போய்விடும். நாம் பேனாவால் எழுதுகிற ஒற்றை வயிற்று 'ஏ' மட்டும் நிற்கும். 'எஃப்' எழுத்து அடிக்கோட்டைத் தாண்டிக் கீழே வால் விடும். இது சாய்த்துப் பெற்ற வடிவமல்ல, தனியாக வரைந்தது. ஏரியல், ஹெல்வெட்டிகா போன்றவற்றில் இந்த வேறுபாடு இருக்காது. அவற்றின் சாய்வு நேரெழுத்தையே சாய்த்ததுதான் என்பதால் ஹெல்வெட்டிகாவில் அதற்கு 'ஒப்ளீக்' என்றே பெயர். சாய்வின் அளவை வைத்து இட்டாலிக்கை அடையாளம் காணவும் முடியாது: சில எழுத்துருக்களில் 5 டிகிரிகூட வராது, சிலவற்றில் 20ஐத் தொடும். அது வேகமாக எழுதுகிற கையிலிருந்து பிறந்த வடிவமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தக் கை 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் கை. அங்கிருந்த அறிஞர்கள் ஏடு படியெடுக்கும்போது பேனாவை அதிகம் தூக்காமல் நெருக்கமாக எழுதிய எழுத்தைப் பார்த்து, வெனிஸில் ஆல்டஸ் மனூஷியஸின் அச்சகத்துக்காக ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற அச்சு வெட்டுநர் உலோகத்தில் வெட்டினார். 1500இல் சியன்னாவின் புனித கேத்தரின் கடிதங்களை ஆல்டஸ் வெளியிட்டபோது, புனிதையின் படத்தில், அவர் கையிலுள்ள புத்தகத்திலும் இதயத்திலும் மட்டும் சில சொற்கள் இந்த எழுத்தில் வந்தன. 1501இல் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகள் முழுக்க முழுக்க இதிலேயே வந்தன. முழுப் புத்தகமும் இட்டாலிக் என்பதால், எந்தச் சொல்லுக்கும் அழுத்தம் கொடுப்பதற்காக அது பிறக்கவில்லை என்பது தெளிவு. பெரிய எழுத்துகள் அதில் சாயவும் இல்லை. நேராக, சிறியதாக நின்றன.

காகிதம் மிச்சம் பிடிக்கத்தான் ஆல்டஸ் இதைச் செய்தார் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். வெர்ஜில் எழுதியது கவிதை. அடி எங்கே முடிகிறதோ அங்கேதான் வரி முடியும். எழுத்தை எவ்வளவு நெருக்கினாலும் வரிகளின் எண்ணிக்கை குறையாது. கையடக்கமான சிறிய பக்கத்தில் நீண்ட அடி மடங்காமல் ஒரே வரியில் அமர்ந்ததுதான் அங்கே கிடைத்த லாபம்.

நேரெழுத்துக்கு நடுவே இட்டாலிக் துணையாக வந்து உட்கார்ந்தது பின்னால் நடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு துறையும் அதற்கு ஒரு வேலை கொடுத்தது. 1560இன் ஜெனீவா பைபிளில் மூலத்தில் இல்லாமல், ஆங்கில வாக்கியம் நிற்பதற்காக மொழிபெயர்ப்பாளர் சேர்த்த சொற்கள் இட்டாலிக்கில் இருக்கும். இன்றும் கிங் ஜேம்ஸ் பதிப்புகள் பலவற்றில் இதே வழக்கம் உண்டு. அந்தச் சொற்களை அழுத்தமாகப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும். அங்கே சாய்வு சொல்வது, 'இது மூலத்தில் இல்லை, விட்டுப் படித்தாலும் சரி' என்பதை.

இன்றைய ஆங்கில அச்சில் நூல், பத்திரிகை, திரைப்படம், கப்பல் ஆகியவற்றின் பெயர்கள், ஆங்கிலத்தில் இன்னும் கலக்காத பிறமொழிச் சொற்கள், அழுத்தம், 'இந்தச் சொல்' என்று சொல்லையே சுட்டிப் பேசுவது ஆகியவை பொது வழக்கு. அவற்றில் தவறினால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அறிவியலில் அப்படியில்லை, அங்கே சாய்வே பொருள்.

உயிரியலில் பேரினப் பெயரும் சிற்றினப் பெயரும் இட்டாலிக். மாமரம் மாஞ்சிஃபெரா இண்டிகா: இரண்டு சொல்லும் சாயும், முதற்சொல்லின் முதலெழுத்து மட்டும் பெரியது. பின்னால் வருகிற 'எல்.' அந்தப் பெயரை வைத்த லின்னேயஸைக் குறிப்பது, அது ஆள் பெயர், ஆகவே நேராக நிற்கும். இனம் எதுவென்று தெரியாதபோது பேரினப் பெயருக்குப் பின் போடும் 'எஸ்பி.', வகையைக் குறிக்கும் 'வார்.' ஆகியவையும் நேரெழுத்துதான். அவை பெயரல்ல, சுருக்கக் குறிகள். தமிழ்ப் பாடநூல்களிலும் வேளாண் இதழ்களிலும் அதிகம் காணும் பிழை இதுதான்: வரியை மொத்தமாகத் தேர்ந்தெடுத்துச் சாய்த்துவிடுவது. மரபணுவியலில் இன்னும் நுட்பம். மனித மரபணுவின் குறியீடு சாயும், அதே மரபணு உண்டாக்கும் புரதத்தின் குறியீடு நேராக நிற்கும். எழுத்துகள் இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதுண்டு. சாய்வு தொலைந்தால் வாக்கியம் எதைப் பற்றியது என்பதே தொலைந்தது.

இயற்பியலில் சிற்றெழுத்து 'எம்' சாய்ந்தால் நிறை, நேராக நின்றால் மீட்டர். மாறிகளும் அளவுகளும் சாயும்; அலகுகளும் சைன், லாக் போன்ற சார்புப் பெயர்களும் நேராக நிற்கும். சமன்பாட்டைச் சாதாரண வரியாகத் தட்டிவிட்டு மொத்தத்தையும் சாய்ப்பதைவிட, சமன்பாட்டுக் கருவியில் தட்டினால் மாறிகளும் சார்புப் பெயர்களும் பெரும்பாலும் தானாகவே பிரிந்துவிடும்; அலகுகளை மட்டும் நாமே நேராக்க வேண்டும்.

எல்லா எழுத்துமுறைகளும் இட்டாலிக்கை வைத்திருக்கவில்லை. ஜெர்மானியர்கள் ஃப்ராக்டூர் எழுத்தில் அச்சிட்ட காலத்தில், அழுத்தம் வேண்டிய சொல்லின் எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி விட்டுப் பரப்பினார்கள். ரஷ்ய மொழிக்கு இட்டாலிக் உண்டு. ஆனால் அதில் 'த' ஒலிக்கான எழுத்து ஆங்கிலச் சிறிய 'எம்' போல மாறிவிடும். நேரெழுத்தை மட்டும் கற்றவர் அந்தப் பக்கத்தில் தடுமாறுவார். அது அவர்கள் கையெழுத்திலிருந்து வந்த வடிவம் என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழிலும் பிறமொழிச் சொல்லைப் பிரித்துக்காட்ட ஒரு வழி இருந்தது. வைணவ வியாக்கியானங்களின் பழைய அச்சுப் பதிப்புகளை எடுத்துப் பாருங்கள். மணிப்பிரவாள நடையில் வடமொழிச் சொல் கிரந்த எழுத்திலும் தமிழ்ச் சொல் தமிழ் எழுத்திலும், ஒரே வரியில் மாறி மாறி வரும். 'இது வேறு மொழி' என்று ஆங்கிலத்தில் இட்டாலிக் சொல்வதை அங்கே லிபியே சொல்லிவிட்டது. உரைநூல்களில் மூலத்தைப் பெரிய எழுத்திலும் உரையைச் சிறிய எழுத்திலும் கோப்பதும் இந்த வகைதான்.

அழுத்தத்துக்கோ தமிழுக்கு அச்சின் தயவே தேவையில்லை. நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்கிறது. அவற்றில் ஒன்றைப் பிரித்துக்காட்டும் பிரிநிலையும் உறுதி சொல்லும் தேற்றமும் இட்டாலிக் செய்கிற வேலையைத்தான் செய்கின்றன. ஆங்கில நாவலில் ஒரு பாத்திரம் 'நான் சொன்னேன்' என்கிற வாக்கியத்தில் 'நான்' சாய்ந்திருந்தால் தமிழில் 'நான்தான் சொன்னேன்'. வினை சாய்ந்திருந்தால் 'சொன்னேனே' அல்லது 'சொல்லத்தான் சொன்னேன்'. 'நேற்று சொன்னேன்' என்பதில் 'நேற்று' சாய்ந்திருந்தால் 'நேற்றே சொன்னேன்'. மொழிபெயர்ப்பில் 'நான் சொன்னேன்' என்று எழுதி 'நான்' என்பதை மட்டும் சாய்த்து வைப்பது பாதி வேலை. வாசித்துக் காட்டினால் அந்தச் சாய்வு காதில் விழாது, 'தான்' விழும்.

சாய்த்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. 11 பாயிண்ட் எழுத்தில், மெய்யெழுத்தின் புள்ளி அடிக்கோட்டிலிருந்து 8 பாயிண்ட் உயரத்தில் இருப்பதாக வையுங்கள். சாய்வு 14 டிகிரி என்றால் ஒவ்வொரு பாயிண்ட் உயரத்துக்கும் கால் பாயிண்ட் தள்ளும். புள்ளி 2 பாயிண்ட் நகர்கிறது. எழுத்தின் நடு உடல் 3 பாயிண்ட் உயரத்தில் இருப்பதால் முக்கால் பாயிண்ட்தான் நகர்கிறது. புள்ளிக்கும் உடலுக்கும் நடுவே ஒன்றேகால் பாயிண்ட் விலகல். புள்ளியின் அகலமே ஏறத்தாழ ஒரு பாயிண்ட்தான். 'ட்' போல இடத்தண்டும் அடிக்கோடும் மட்டும் உள்ள எழுத்தில் புள்ளி அடுத்த எழுத்தை நோக்கி ஒதுங்கி நிற்கும். 'பட்டம்' சாய்ந்தால் புள்ளி எந்த 'ட'வுக்கு என்று கண் ஒரு கணம் தேடும்.

காலும் ரகரமும் இன்னொரு தொல்லை. பெரும்பாலான அச்செழுத்துகளில் 'ர'வைக் காலிலிருந்து பிரிப்பது அடியில் இடப்பக்கம் இறங்குகிற ஒரு சிறு கோடுதான். தண்டு நேராக நிற்கும்போது அந்தக் கோட்டின் சாய்வு தனித்துத் தெரியும். தண்டையும் அதே திசையில் சாய்த்துவிட்டால் இரண்டுக்கும் இடையிலான கோணம் குறைகிறது. சிறிய அளவில், சுமாரான காகிதத்தில், மை கொஞ்சம் பரவினால் 'ர'வும் காலும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவது கோளாறு சாய்ந்த பகுதி முடியும் இடத்தில். மென்பொருள் எழுத்தை மட்டும் சாய்க்கும், எழுத்துக்கு ஒதுக்கிய அகலத்தை மாற்றாது. 'கி', 'தீ' போல மேலே சுழி உள்ள எழுத்தில் முடிந்தால், அடுத்து வரும் நேரான மூடும் அடைப்புக்குறியிலோ மேற்கோள் குறியிலோ போய் முட்டும். இணையப் பக்கத்தில், பெட்டி ஓரத்தில் சுழி வெட்டுப்படுவதும் இதனால்தான்.

முறையாகச் சாய்த்து வரைந்த தமிழ் எழுத்துருக்கள் சில உண்டு. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' கையெழுத்துச் சாயலில் சாய்ந்தது. நோட்டோ செரிஃப் தமிழின் சாய்ந்த வடிவம் 'இட்டாலிக்' என்ற பெயரில் அல்லாமல் 'ஸ்லான்டட்' என்ற பெயரில் வந்தது. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. புள்ளியையும் சுழியையும் மனிதர் பார்த்து இடம் சரிசெய்த சாய்வு, கன்ட்ரோல்–ஐ சாய்வைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அரைப் பக்கம், ஒரு பக்கம் என்று இதில் கோக்காதீர்கள். முன்னுரை மேற்கோள், படக்குறிப்பு அளவோடு நிறுத்துங்கள்.

சரி, ஆங்கில மூலத்தில் இட்டாலிக் வந்தால் தமிழில் என்ன செய்வது? முதலில் அது அங்கே என்ன வேலை பார்க்கிறது என்று கேளுங்கள். அழுத்தமா, 'தான்', 'ஏ', 'கூட', சொல் வரிசை. பாத்திரத்தின் மன ஓட்டமா, 'என்று நினைத்தான்' போதும். நீளமாக இருந்தால் தனிப் பத்தியாக உள்ளே தள்ளிவிடலாம். நூல், பட, பத்திரிகைப் பெயரா, ஒற்றை மேற்கோள் குறி, நூல் முழுக்க ஒரே மாதிரி. பிறமொழிச் சொல்லா, முதல் முறை வரும்போது மட்டும் ஒற்றை மேற்கோள் குறி, அடுத்த முறையிலிருந்து சும்மா விடுங்கள். கப்பல் பெயருக்கு முன்னால் 'கப்பல்' என்ற சொல்லே இருந்தால் குறியும் வேண்டாம்.

ஒற்றை மேற்கோளை அழுத்தத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். 'அவர் நல்லவர்' என்பதில் 'நல்லவர்' என்ற சொல்லுக்கு மட்டும் மேற்கோள் குறி போட்டால், அவர் நல்லவரே இல்லை என்று நீங்கள் கிண்டல் செய்வதாகத்தான் தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். கடைப் பலகைகளில் இந்த விபத்து தினமும் நடக்கிறது.

தடித்த எழுத்தும் இட்டாலிக்குக்கு மாற்றல்ல. இட்டாலிக் சொல் அந்த வரியை எட்டும்போதுதான் கண்ணில் படும். தடித்த சொல், பக்கத்தைத் திருப்பியவுடனே தூரத்திலிருந்து கூப்பிடும். அகராதித் தலைச்சொல், பாடநூல் கலைச்சொல், சமையல் குறிப்பின் பொருட்பெயர் ஆகியவை தேடிப் பிடிக்க வேண்டியவை. அவற்றுக்குத் தடித்த எழுத்து சரி. கதைக்கு நடுவே அது கத்தல். வேறு வழியே இல்லையென்றால், பல எடைகள் (தடிப்பின் அளவுகள்) உள்ள எழுத்துருவை எடுத்து ஒரு படி மட்டும் ஏற்றுங்கள்: உடலெழுத்து 400 என்றால் 500 அல்லது 600. வழக்கமான போல்டான 700க்குத் தாவ வேண்டாம்.

இனி பக்கம் கட்டும் மேசையில் நடப்பவை. வேர்டில் சாய்த்து வைத்த தமிழைப் பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனுக்குள் கொண்டுவந்தால், அந்த எழுத்துருவில் இல்லாத இட்டாலிக் வடிவைக் கேட்பதாக அது புரிந்துகொள்ளும். அந்தச் சொற்கள் இளஞ்சிவப்புப் பின்னணியில் 'எழுத்துரு இல்லை' என்று நிற்கும். உடனே 'ஸ்க்யூ' பெட்டியில் 12 என்று போட்டுச் சாய்ப்பது சுலபம், செய்யாதீர்கள். 'ஃபைண்ட்/சேஞ்ச்'சில் இட்டாலிக் என்ற வடிவைத் தேடி, அதன் இடத்தில் ஒரு கேரக்டர் ஸ்டைலை (பெயரிட்டுச் சேமித்த எழுத்து அமைப்பை) பொருத்துங்கள். தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு ஒன்று என்று இரண்டு ஸ்டைல்கள் வேண்டும். ஆங்கிலத்துக்கானதில் உண்மையான இட்டாலிக் உள்ள எழுத்துரு; தமிழுக்கானதில் நேரெழுத்து, தேவையானால் எடை மட்டும் ஒரு படி கூடுதல். பின்னால் மனம் மாறினால் ஸ்டைலில் ஒரே இடத்தில் மாற்றினால் போதும்.

பழைய பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது வருவது இதைவிடப் பெரிய சேதம். பாமினி போன்றவை ஆங்கில எழுத்தின் இடத்திலேயே தமிழை வைத்தவை. உருமாற்றியில் வெறும் உரையாக ஒட்டினால் சாய்வு, தடிப்பு எல்லாம் போய்விடும். ஆங்கிலத்தில் இருந்த அறிவியல் பெயரும் தமிழெழுத்துக் குப்பையாக மாறிவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே அடையாளம் வையுங்கள். கன்ட்ரோல்–எச் அழுத்தி, தேடும் பெட்டியை வெற்றாக விட்டு, அதில் கர்சரை வைத்துக் கன்ட்ரோல்–ஐ அழுத்துங்கள். பெட்டிக்கு அடியில் 'இட்டாலிக்' என்று தோன்றும். மாற்றும் பெட்டியில் 90901^&90902 என்று தட்டி, அனைத்தையும் மாற்றுங்கள். ^& என்பது 'கண்டதை அப்படியே போடு' என்று பொருள். அடைப்புக்குறிக்குப் பதில் எண்களை வைப்பதற்குக் காரணம், சில பழைய எழுத்துருக்களில் குறி விசைகளிலும் தமிழெழுத்து உட்கார்ந்திருக்கும். எண்கள் மாறாமல் வரும். உருமாற்றம் முடிந்தபின் இன்டிசைனின் கிரெப் தேடலில் (சொல்லுக்குப் பதில் அமைப்பைச் சொல்லித் தேடுவது) 90901(.+?)90902 என்று தேடி, $1 என்று மாற்றி, ஸ்டைலையும் சேர்த்துக் கொடுங்கள். குப்பையான ஆங்கிலப் பெயர்கள் இந்த எண்களுக்கு நடுவே மாட்டியிருக்கும். மூலக் கோப்பைப் பார்த்துத் திரும்பத் தட்டிவிடலாம். சாய்வு பத்தி முடிவையும் தாண்டியிருந்தால் மட்டும் தேடல் அதைப் பிடிக்காது. கடைசியில் 9090 என்று ஒருமுறை தேடி, மிச்சம் ஏதும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். இந்த அடையாள எண்கள் அச்சில் ஏறிவிட்டால் தலைகுனிவுதான்.

இணையத்தில் 'ஐ', 'எம்', 'சைட்' ஆகிய மூன்று எச்டிஎம்எல் டேக்குகளையும் உலாவி தன்பாட்டுக்குச் சாய்த்துக் காட்டும். டேக்கை நீக்க வேண்டாம். அதில் பொருள் இருக்கிறது. தமிழ் மொழிக் குறியுள்ள பகுதிக்கு மட்டும் சாய்வை 'நார்மல்' ஆக்கி, 'எம்'முக்கு எடை 600 கொடுங்கள். எழுத்துருவில் இல்லாத வடிவை உலாவி தானாகச் செய்துகொள்வதைத் தடுக்க, ஃபான்ட் சிந்தசிஸ் என்ற சிஎஸ்எஸ் பண்பை 'நன்' என்று வைத்தால் போதும். ஆனால் அப்படி வைத்தால் போல்டு இல்லாத எழுத்துருவில் தலைப்புகள்கூட மெலிந்துவிடும். போல்டு கோப்பும் ஏறுகிறதா என்று முதலில் பாருங்கள்.

ப்ரூஃப் திருத்துகிறவர்களுக்கு: சொல்லுக்கு அடியில் ஒற்றைக் கோடு போட்டால் இட்டாலிக், அலைக்கோடு போட்டால் போல்டு. பழக்கதோஷத்தில் முக்கியமான தமிழ்ச் சொல்லுக்கு அடிக்கோடு இழுத்துவிட்டால் அது சாய்ந்து வந்து நிற்கும். கவனத்துக்காக மட்டும் குறிக்க விரும்பினால் சொல்லைச் சுற்றி வட்டமிட்டு ஓரத்தில் எழுதுங்கள்.

இன்னொன்றும் ப்ரூஃபில்தான் பிடிபடும். தமிழ் வாக்கியத்துக்கு நடுவே ஆங்கில எழுத்தில் சாய்ந்து நிற்கும் அறிவியல் பெயரோடு 'இன்', 'ஐ', 'க்கு' என்ற வேற்றுமை உருபைச் சிறுகோடு போட்டு ஒட்டுவார்கள். சாய்ந்த கடைசி எழுத்து சிறுகோட்டில் இடிக்கும், உருபும் சில நேரம் சேர்ந்து சாய்ந்துவிடும், வரி முடிவில் உருபு மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போகும். பெயருக்குப் பின் ஒரு இடைவெளி விட்டு 'என்ற மரத்தின்', 'என்னும் பூச்சியை' என்று எழுதினால் இந்த மூன்றும் வராது. பெயருக்குப் பின் வரும் காற்புள்ளியும் அடைப்புக்குறியும் தமிழ் வாக்கியத்தைச் சேர்ந்தவை, அவற்றை நேராகவே விடுங்கள்.